சூட்டில் சுருங்கும் உறையும் வெப்பக்காற்றுக் கருவியும்

வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்பது பள்ளியில் முதலில் கற்பிக்கப்படும் விதிகளுள் ஒன்றாகும். ஆயினும் மின்கம்பி இணைப்புகளின்மேல் அணிவிக்கப்படும் ஒருவகைப் பிளாஸ்டிக் குழல், சூடேறியதும் பாதி விட்டத்திற்குச் சுருங்கிக் கம்பியை இறுகப் பற்றிக்கொள்கிறது. மின்பணியாளர் இதனை 'ஸ்லீவ்' என்பர். இதனைச் சூடேற்றும் மின் வெப்பக்காற்றுக் கருவியை 'ஹீட் கன்' என்பர். மும்பையின் கிழக்குப் பகுதியிலுள்ள கோவண்டி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இக்கருவியைச் சிறு அறைகளுக்குள் கையாள நேரிடுகிறது. ஆகவே அதன் இயல்பை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

சுருங்குவதற்குக் காரணம் குழலின் பழைய வரலாறே. பாலிஎத்திலீன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலானது. கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்கின்றன என்பதை ஆங்கில இயற்பியலாளர் ஆர்தர் சார்ல்ஸ்பி 1952-இல் வெளியிட்டார். அவ்வாறு பிணைந்த குழலைச் சூடாக்கி, அகலவாக்கில் விரித்து, அந்நிலையிலேயே குளிரச்செய்தால் அது விரிந்தபடியே நிற்கும். மறுபடி சூடேறும்போது குறுக்குப்பிணைப்புகள் அதனை முன்னைய அளவிற்கு இழுத்துவிடுகின்றன. கோவண்டிக்குத் தெற்கே டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 1980-களின் இறுதியில் நிறுவப்பட்ட எலெக்ட்ரான் முடுக்கி, கம்பி உறைகளைக் குறுக்காகப் பிணைக்கும் இத்தகைய பணிக்கும் உதவியது. பின்னர் அது கழிமுகத்திற்கு அப்பாலுள்ள வாஷிக்கு மாற்றப்பட்டது. கடையில் முழக்கணக்கில் வாங்கும் ஒரு பொருளுக்குப் பின்னால் இத்தனை நுட்பம் இருக்கிறது!

வெப்பக்காற்றுக் கருவி தோற்றத்தில் கூந்தல் உலர்த்தியைப் போன்றதே. விசிறி ஒன்று காற்றை உள்ளிழுத்துச் செஞ்சூடான நிக்ரோம் சுருளின் வழியே செலுத்துகிறது. தோற்றத்தில் ஒற்றுமை இருப்பினும் செயலில் இரண்டும் வேறு. இருநிலை விசையுள்ள சாதாரணக் கருவியில் கீழ்நிலையில் ஏறத்தாழ 300° செ., மேல்நிலையில் 500° செ. முதல் 600° செ. வரையிலான காற்று வெளிவரும். ஸ்லீவ் முழுமையாகச் சுருங்க 120° செ. அளவே போதும். எனவே இவ்வேலைக்கு மேல்நிலை ஒருபோதும் வேண்டியதில்லை. தீக்குச்சியாலோ லைட்டராலோ சுருக்கும் வழக்கம் பரவலாக உள்ளது, அது விரும்பத்தக்கதன்று. சுடர் ஒருபுறத்தைக் கருக்கி, மறுபுறத்தைச் சுருங்காமல் விட்டுவிடும். கருகிய இடம் பின்னர் வெடித்துக் கம்பியை வெளிக்காட்டும்.

வேலையைத் தொடங்குமுன் கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்தல் வேண்டும். ஸ்லீவை இணைப்பின் இருபுறமும் ஒரு சென்டிமீட்டராவது மிகையாக நிற்கும்படி வெட்டி அணிவிக்கவேண்டும். கருவியின் முனையைச் சில சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி இடையறாது அசைத்துக்கொண்டே செல்லுதல் முறையாகும். ஓரங்களை முதலில் சுருக்கினால் நடுவில் காற்று சிறைப்பட்டுக் கொப்புளமாகும். உட்புறம் பசை பூசிய வகையாயின், இரு ஓரங்களிலும் பசை சற்றே பிதுங்கித் தோன்றும்வரை சூடேற்றுதல் வேண்டும். கம்பியின் சொந்த உறை பெரும்பாலும் பி.வி.சி. ஆகும். அது 80° செ. அளவிலேயே இளகும், 200° செ.-ஐத் தாண்டினால் விரைந்து சிதைந்து, மூச்சுக்குழலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். கார நெடி எழுந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கவேண்டும்.

காற்றின் சூட்டை எல்லோரும் அஞ்சுவர். மின்வடத்தின் சூட்டை நினைப்பவர் சிலரே. 2000 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. வீடுகளில் விளக்குக்கும் விசிறிக்கும் அமைக்கப்படும் சிறிய பிளக் 6 ஆம்பியருக்கு உரியது. வடத்தில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளருவதால், 6 ஆம்பியரில் பிறப்பதைப் போல் இருமடங்கிற்கு மேற்பட்ட வெப்பம் அங்கே பிறக்கும். கோவண்டியின் சிவாஜி நகர், பைங்கன்வாடிப் பகுதிகளில் ஒரே அறை பகலில் பட்டறையாகவும் இரவில் உறங்குமிடமாகவும் அமைவதுண்டு. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் விசிறி, தையல் இயந்திரம், கைபேசி எல்லாம் தொங்கும் அத்தகைய இடத்தில் இக்கருவியையும் செருகினால், கருவிக்கு முன் வடமே உருகக்கூடும். 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருகுவதே முறை. வடம் நீட்டித்தே ஆகவேண்டுமெனில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியுள்ள, நிலத்தொடர்புடைய மூன்றிழை வடத்தை, சுருளாக விடாமல் முழுதும் பிரித்துப் பயன்படுத்தவேண்டும்.

காகிதம் 230° செ. அளவிலும், மரம் 300° செ. அளவிலும் பற்றக்கூடும். கருவியின் மேல்நிலைக் காற்று இரண்டையும் வெகுவாக மிஞ்சியது. பழைய வண்ணப்பூச்சை உரிக்கும்போது பலகை இடுக்கிலுள்ள தூசி புகையின்றிக் கனன்று, ஆட்கள் சென்ற பல மணி நேரத்திற்குப் பின் தீயாக எழுந்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவிற்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2016-இல் இயற்றப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். குழந்தைகள் வாழும் அறையில் அதனை இக்கருவியால் உரிக்காமலிருப்பதே நன்று.

வேலை முடிந்ததும் குளிர்காற்று நிலையில் சிறிது நேரம் ஓடவிட்டு, முனை மேல்நோக்கியிருக்க ஓட்டின்மீதோ கல்லின்மீதோ நிறுத்திவைக்கவேண்டும். விசையை அணைத்த பின்னும் முனை பல நிமிடங்கள் சுடும். அதன் நிறம் சூட்டைக் காட்டாது. தீப்புண் ஏற்பட்டால் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டிருப்பதே முதலுதவி. பற்பசையும் மையும் தடவும் வழக்கத்தைக் களப்பணியாளர் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். குழாயில் எந்நேரமும் நீர் வராத தெருக்களில், வேலைக்கு முன்பே இதற்கென ஒரு வாளி நீர் எடுத்துவைத்தல் நலம். எரியும் மின்கருவிமீது அந்நீரை ஊற்றலாகாது. முதலில் பிளக்கைப் பிடுங்கி, மணலையே தூவவேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பில் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டலாம். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்லீவில் 10 சென்டிமீட்டர் துண்டை எடுத்து, அதன்மேல் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக வரையவேண்டும். மெல்லிய ஆணியில் கோத்து, குறட்டால் பிடித்துக் கீழ்நிலைக் காற்றைக் காட்டினால், விட்டம் பாதியாகக் குறையும். கோடுகளின் இடைவெளியோ சிறிதளவே மாறும். குறைந்த பகுதி எங்கே சென்றது என்று மாணவரைக் கேட்கவேண்டும். ஆறிய துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், சுவர் முன்னிலும் ஏறத்தாழ இருமடங்கு தடித்திருப்பதை அவர்களே காண்பர்.