பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஹாபிஸ்களின் வழி

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் நள்ளிரவு வரை விளக்கு எரிகிறது. பிள்ளைகள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். கண் விழித்ததால் ஸுப்ஹு தொழுகை தவறுகிறது. பரீட்சை மண்டபத்தில் படித்ததும் மறந்துபோகிறது. “என் பிள்ளைக்கு ஞாபக சக்தி இல்லையே” என்று தாய்மார்கள் கலங்குகிறார்கள். பெரும்பாலும் குறை ஞாபக சக்தியில் இல்லை; திருப்பிப் படிக்கும் முறையில்தான் இருக்கிறது.

நல்ல முறையை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 30 ஜுஸ்வையும் நெஞ்சில் சுமக்கும் ஹாபிஸ்களைப் பாருங்கள். ஹிப்ழு மத்ரஸா மாணவர் புதிய பாடம், அண்மையில் முடித்த பாடம், பழைய பாடம் என மூன்றையும் விடாமல் பேணுகிறார். குர்ஆனை மூடிவைத்து உஸ்தாதிடம் ஓதிக் காட்டுகிறார். தடுமாறும் இடத்தை உஸ்தாத் எடுத்துக் கொடுக்கிறார்.

நபி (ஸல்) அவர்கள் ஆண்டுதோறும் ரமளானில் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் திருக்குர்ஆனை ஓதிச் சரிபார்த்து வந்தார்கள். வஃபாத்தான ஆண்டில் இருமுறை அவ்வாறு செய்தார்கள். பேணி ஓதாவிட்டால், கட்டிய ஒட்டகம் அவிழ்ந்து ஓடுவதைவிட விரைவாகக் குர்ஆன் நெஞ்சைவிட்டு அகன்றுவிடும் என்றும் எச்சரித்தார்கள். திருமறைக்கே இந்தப் பேணுதல் தேவையெனில், பள்ளிப் பாடத்துக்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஆராய்ச்சியாளர்களும் இதையே கண்டார்கள். மனனம் செய்தது முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் மறக்கிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885இல் எழுதினார். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வாசிக்கும்போது ‘தெரிந்துவிட்டது’ என்று தோன்றுவது மனம் நம்மை ஏமாற்றுவதாகும்.

ஓர் உதாரணம் சொல்வோம். துறையூர்ப் பக்கம், கொல்லிமலை அடிவாரத்திலுள்ள புளியஞ்சோலையில் ஒரு மாணவன் மலைகளைப் பற்றிய பாடம் படிப்பதாகக் கொள்வோம். புத்தகத்தை மூடிவிட்டு அவன் தன்னையே கேட்கட்டும்: எதிரே நிற்கும் மலை எந்தத் தொடரைச் சேர்ந்தது? கிழக்குத் தொடர்ச்சி மலை. இங்கு ஓடும் ஆறு எது? மேலே ஆகாய கங்கை அருவியாக விழுந்து இறங்கிவரும் ஐயாறு. கிழக்குத் தொடர் ஏன் துண்டு துண்டாக உள்ளது? ஆறுகள் அதை அறுத்துக்கொண்டு வங்கக் கடலுக்குப் போவதால். விடை வராத கேள்விக்கு மட்டும் புத்தகத்தைத் திறக்கட்டும்.

ஆகவே பிள்ளைகள் கடைப்பிடிக்க வேண்டியவை இவை:

1. படித்த பாடத்தை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் என இடைவெளி விட்டுப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். ஒரே இரவில் பத்து முறை படிப்பதைவிட இது மேலானது.

2. குர்ஆனைச் சொல்லுக்குச் சொல் மனனம் செய்கிறோம். பள்ளிப் பாடத்தைப் பொருள் புரிந்து சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். கணக்கை வாயால் ஒப்பிக்காமல் தாளில் போட்டுப் பாருங்கள்.

3. இஷாவுக்குப் பின் நேரத்தோடு உறங்குங்கள். படித்தது மனத்தில் பதிவதற்கு உறக்கம் அவசியம். ஸுப்ஹுக்குப் பின் தெளிந்த மனத்தோடு பழைய பாடத்தைச் சொல்லிப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். “எனக்குப் படிப்பு வராது, நான் என்ன சொல்லித் தருவேன்?” என்று எந்த அம்மாவும் ஒதுங்க வேண்டாம். மஃரிபுக்குப் பின் கால் மணி நேரம் உட்கார்ந்து, “இன்று படித்ததை எனக்குப் புரியும்படி சொல்லு” என்று கேளுங்கள். புரியாத இடத்தில் “அது ஏன்?” என்று கேளுங்கள். பிள்ளை திணறும் இடமே அவன் மறுபடி படிக்க வேண்டிய இடம். அத்தாமார்கள் அப்போது கோபிக்க வேண்டாம். பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.

முயற்சி நம்முடையது, பலன் அல்லாஹ்விடம் உள்ளது. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் நிலைத்த நினைவாற்றலையும் அவன் அருள்வானாக! ஆமீன்.