கொல்லையில் புதுப் பூண்டா? தொடுமுன் பாருங்கள்!



மழை பெய்து ஓய்ந்தால் கொல்லையில் கீரையும் முளைக்கும், களையும் முளைக்கும். அவரைப் பந்தலடியில், குப்பைக்குழி ஓரத்தில், சாமந்தி இலை மாதிரி ஒரு செடி தலை நீட்டும். "நாம விதைக்கலையே, சரி, பச்சைப்பசேல்னு இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டு விடாதீர்கள். அது பார்த்தீனியமாக இருக்கலாம்.

எங்கிருந்து வந்தது?

இது நம் மண்ணின் செடி அல்ல. மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும் இதன் சொந்த ஊர். 1950-களில் பூனாவில் களையாகக் கண்டறியப்பட்டது. அங்கிருந்து காற்று, மழைநீர், லாரிச் சக்கரம், மாட்டுக் குளம்பு என்று கிடைத்த வழியிலெல்லாம் ஏறி நாடு முழுவதும் பரவி விட்டது.

அடையாளம் என்ன?

* இளஞ்செடியில் இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். இலை காரட் இலை, சாமந்தி இலை போல ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். மேலே மெல்லிய ரோமம் இருக்கும்.
* பிறகு நடுவிலிருந்து தண்டு எழும்பும். தண்டில் நீளவாக்கில் கோடுகள் இருக்கும். செடி இடுப்பளவும், சில இடங்களில் அதற்கு மேலும் வளரும்.
* உச்சிக் கிளைகளில் ஜவ்வரிசி சிதறினது போல் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாக இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து மூலை தெரியும்.

வெட்டுக்காயப் பூண்டை இதுவென்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அது தரையில் படரும்; நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சளாக இருக்கும்.

என்ன செடி என்று பார்க்க இலையைக் கசக்கி மோந்து பார்ப்பது நம் பழக்கம். இந்தச் செடியிடம் அது வேண்டாம்! சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ வேளாண்மை அலுவலரிடமோ காட்டிக் கேளுங்கள்.

உடம்புக்கு என்ன செய்யும்?

இந்தச் செடியில் பார்த்தினின் என்ற நச்சுப் பொருள் உள்ளது. தொட்ட அன்றே எல்லோருக்கும் அரிப்பு வந்து விடாது. மாதக் கணக்கிலோ வருடக் கணக்கிலோ பழகிய பிறகுதான் பலருக்கு ஒவ்வாமை தொடங்கும். "இத்தனை நாளா வெறுங்கையாலதான் பிடுங்கறேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவருக்கும் ஒரு நாள் வரலாம். வந்து விட்டால் லேசில் விடாது.

கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து அரிக்கும். நாளாக ஆகக் கறுத்துத் தடிக்கும். காய்ந்த செடியின் தூளும் மகரந்தமும் காற்றில் வந்து படுவதால், செடியைத் தொடாதவருக்கும் வரலாம். சிலருக்குத் தும்மல், மூக்கு ஒழுகல், இழுப்பு உண்டாகும். வேறு தீவனம் இல்லாமல் மாடு இதைத் தின்றால் பால் கசக்கும்.

"இது ஒட்டிக்குமா?"

ஒட்டாது. இது தொற்று நோய் அல்ல. இந்த அரிப்பு கண்ட பெண்ணைத் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்காதீர்கள். அவள் கையால் சமைத்ததைச் சாப்பிடலாம். குழந்தையைத் தூக்கலாம், பாலும் கொடுக்கலாம். தோட்ட வேலை முடித்து வந்தால் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, புடவை மாற்றிக் கொண்டு குழந்தையை எடுக்க வேண்டும்.

அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக் கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் பூசவும் வேண்டாம். சில களிம்புகளை வெகுநாள் பூசினால் தோல் மெலிந்து போகும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கொல்லையில் இந்தச் செடி இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணியாக இருந்தாலும், பால் கொடுப்பவராக இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எப்படி ஒழிப்பது?

பூக்கும் முன் பிடுங்குவதே வழி. முளைத்த ஒரு மாதத்திலேயே பூத்து விடும். ஒரே செடி 15,000-க்கும் மேல் விதை உதிர்க்கக் கூடியது. இன்று ஒன்றை விட்டால் அடுத்த மழைக்குக் கொல்லை முழுக்க அதுதான்!

1. மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்குங்கள். வேரோடு வர வேண்டும். அரிவாளால் அறுத்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.
2. கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் கட்டிக் கொள்ளுங்கள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, மூக்கு வாயை மூடித் துணி.
3. குழந்தைகளும், இழுப்பு உள்ளவர்களும், ஏற்கனவே அரிப்பு வந்தவர்களும் இந்த வேலைக்கு வரக் கூடாது.
4. பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்ததைச் சாக்கில் கட்டி, ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். விதை மண்ணுக்குள் சில வருடம் உயிரோடிருக்கும். அந்தக் குழியைக் கிளற வேண்டாம்.
5. எரிக்காதீர்கள். புகை கண்ணையும் மூச்சையும் உறுத்தும்.
6. வேலை முடிந்ததும் குளித்து, உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள்.

பயிர் இல்லாத தெருவோரத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, இளஞ்செடி நனையத் தெளிக்கலாம். தோட்டத்துக்குள் உப்பு வேண்டாம், மண் கெட்டு விடும். பிடுங்கிய இடத்தைச் சும்மா போடாமல் கீரையோ அவரையோ போடுங்கள். வேலியோரம் துத்தி வளர்ந்தால் பார்த்தீனியத்துக்கு இடம் கொடாது.

இலையில் வெளிர் மஞ்சள் நிறத்தில் பழுப்புக் கோடு போட்ட சிறு வண்டு தென்பட்டால் கொல்லாதீர்கள். அது மெக்சிகோவிலிருந்து கொண்டு வரப்பட்டு, 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட இனம். மழைக்காலத்தில் இந்த இலையைத் தின்று நமக்கு உதவும்.

உங்கள் கொல்லையை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. பக்கத்து வீட்டு விதை காற்றில் வந்து விழும். நாலு வீட்டார் கூடிப் பேசி, முதல் மழை பெய்த இரண்டாம் வாரம் ஒரே நாளில் தெருவைச் சுத்தம் செய்யுங்கள்.

பூக்கும் முன் பிடுங்குவோம்! குடும்ப நலம் காப்போம்!