இரண்டே கோடு: ஆளா, உள்ளேயா?



ஜப்பானிய மொழி என்றதும் "ஐயையோ, பூச்சி பூச்சியா இருக்குமே!" என்று ஓடுகிறவர்கள் நம்மில் அதிகம். நானும் அப்படி ஓடியவன்தான். ஆனால் எனக்கு மறக்க முடியாத பாடம் சொல்லித் தந்தது, இரண்டே கோடுள்ள ஒரு சின்ன எழுத்து.

முதலில் ஒரு சிறு அறிமுகம். ஜப்பானியர் மூன்று வகை எழுத்துக்களைக் கலந்து எழுதுகிறார்கள். ஹிரகானா, கத்தகானா இரண்டும் நம் எழுத்தைப்போல் ஒலியைக் காட்டுபவை. மூன்றாவது கன்ஜி (நாம் குடிக்கிற கஞ்சி அல்ல!). இது சீனாவிலிருந்து வந்தது, பொருளைக் காட்டுவது. அன்றாடப் பயன்பாட்டுக்கென 2010-ல் அந்நாட்டு அரசு திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 கன்ஜிகள் உள்ளன. அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படிப்பது 80. நான் சொல்லப்போகும் எழுத்து அந்த 80-க்குள் ஒன்று.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நானும் என் நண்பனும் ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனோம். அங்கே ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த பழைய லேத் ஒன்று. மெயின் சுவிட்சில் ஆன், ஆஃப் என்று இல்லை. மேலே ஒரு கன்ஜி, கீழே ஒரு கன்ஜி. நானோ அப்போதுதான் புத்தகம் வாங்கிப் பத்து எழுத்து படித்திருந்தேன். சும்மா இருப்பேனா?

"டேய், மேலே இருக்கறது 'ஹித்தோ'டா! மனுஷன்னு அர்த்தம். ஆள் கிட்ட நின்னு வேலை பார்க்கறப்போ வைக்கிற பொசிஷன். சேஃப்!" என்று சொல்லி சுவிட்சை மேலே தள்ளினேன்.

நண்பன் காட்டன் வேஸ்ட்டால் சக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். லீவரை யாரோ ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். சக் சுழன்றது. வேஸ்ட்டை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சுற்றிக்கொண்டது. பக்கத்து மெஷின் அண்ணன் பாய்ந்து வந்து சுவிட்சைக் கீழே இறக்கினார். ஒரு விரல் நகம் கறுத்ததோடு போயிற்று. விரல் தப்பியது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "தெரியலேன்னா கேக்கணும் தம்பி. மெஷின் உன் புக்கைப் படிச்சதில்லே" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அன்றிரவு புத்தகத்தை மறுபடி எடுத்தேன். தவறு எங்கே என்று புரிந்தது. மனிதனைக் குறிக்கும் எழுத்தும், 'உள்ளே நுழை' என்ற எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் கூரைபோல் இருக்கும். இரண்டிலும் இடப்பக்கக் கோட்டைத்தான் முதலில் எழுத வேண்டும். வித்தியாசம் உச்சியில். இடப்பக்கக் கோடு உச்சியைப் பிடித்து, வலக்கோடு அதன் நடுவிலிருந்து கிளம்பினால் மனிதன். வலக்கோடு உச்சியைப் பிடித்து, இடக்கோடு அதன் கீழே ஒட்டிக்கொண்டால் நுழை. இரண்டு கோடும் தொடாமல் விலகி நின்றால் அது 'ஹச்சி', அதாவது எட்டு!

நான் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு இது:

இடது உசந்தால் ஆள்;
வலது உசந்தால் உள்ளே;
தொடாவிட்டால் எட்டு.

நம் 'எ', 'ஏ' ஒரு வாலில் வேறுபடவில்லையா? அதேபோலத்தான். வாய் என்ற எழுத்தை மனிதனோடு சேர்த்தால் 'ஜின்கோ', மக்கள்தொகை. நுழையோடு சேர்த்தால் 'இரிகுச்சி', நுழைவாயில். கோடு மாறினால் கதவு ஜனத்தொகை ஆகிவிடும்.

ஜப்பானிய சுவிட்சுகளில் நுழை என்றால் 'ஆன்': மின்சாரம் உள்ளே வருகிறது. அதன் ஜோடி 'வெட்டு' என்னும் எழுத்து, அதாவது 'ஆஃப்'. இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் கத்தி, மொத்தம் நான்கு கோடு. நாமும் 'கரண்ட் கட்' என்றுதானே சொல்கிறோம்!

இன்னொரு செய்தி. மனித எழுத்தைக் காட்டி, "ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தாங்கும் இருவர்" என்று ஜப்பானில் விளக்கம் சொல்வதுண்டு. அழகான விளக்கம்தான். ஆனால் அதன் பழைய வடிவம் பக்கவாட்டில் நிற்கும் ஒரே ஆள். அழகாக இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பிவிடக் கூடாது என்பதை நான் லேத்திலேயே படித்துவிட்டேன்.

பயிற்சியின் கடைசி நாள், அண்ணனிடம் கேட்டு, பெயின்ட் வாங்கி, அந்தச் சுவிட்சில் தமிழில் 'ஆன்', 'ஆஃப்' என்று எழுதினேன். பிரஷ்ஷைப் பிடித்துக் கொடுத்தவன் நகம் கறுத்த என் நண்பன்.

எனவே நண்பர்களே, ஜப்பானிய மொழி படியுங்கள், நம் துறைக்கு மிகவும் பயன்படும். ஆனால் மெஷினில் கை வைக்குமுன் லீவர் நியூட்ரலில் இருக்கிறதா, பக்கத்தில் யார் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்டு யாரும் விரலை இழந்ததில்லை!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்