பரிபாடல் 11ஆம் பாடலின் கோள்நிலையும் ஸ்டெல்லேரியம் மென்பொருளும்: ஒரு முறையியல் ஆய்வு

சங்க இலக்கியப் பாடல்களுள் நாள் கணிப்பதற்கு இடந்தரும் அளவுக்குக் கோள்நிலைகளை விரிவாகத் தருவது, நல்லந்துவனார் வையையைப் பாடிய பரிபாடல் 11ஆம் பாடலாகும். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இப்பாடலுக்குக் கணித்த நாள் கி.பி. 634 சூன் 17. இந்நாளை ஏற்பின் பாடல் ஏழாம் நூற்றாண்டினதாகிறது. மறுப்பின் கணிப்பில் பிழை எங்கே என்று காட்டவேண்டியவராகிறோம். நெடுங்காலம் தமிழாய்வாளர் இவ்விரண்டையும் பஞ்சாங்கக் கணிதம் வல்லாரிடம் விட்டுவந்தனர். வானியல் கல்விக்கென உருவான பல்லூடக மென்பொருள்கள் அந்நிலையை மாற்றியுள்ளன. எனினும் திரையில் தோன்றும் வானத்தைச் சான்றாகக் கொள்வதற்குமுன் அது எந்த வானம் என அறிதல் வேண்டும்.

மென்பொருளின் இயல்பு

ஸ்டெல்லேரியம் பிரெஞ்சு நிரலர் ஃபாபியன் ஷெரோ தொடங்கிய கட்டற்ற மென்பொருள். கோளரங்கின் குவிமாடத்தில் காண்பதைக் கணினித் திரைக்குக் கொணர்வது அதன் நோக்கம். அடிப்படைப் பட்டியலிலேயே 6,00,000க்கு மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. இடத்தையும் நாளையும் உள்ளிட்டால் அவ்விடத்து வானம் விரிகிறது; காலத்தை விரைவாக ஓட்டலாம், பின்னோக்கியும் நகர்த்தலாம். கோள்களின் இருப்பிடத்தைத் தருவது விஎஸ்ஓபி87 என்னும் கணிப்புமுறை. நம் தேவைக்கு அதன் நுட்பம் போதுமானதற்கும் மேலானது. இடர்ப்பாடு கணிப்பில் இல்லை. அதைப் படிப்பதில் உள்ளது.

முதலில் ஆண்டுக் குறியீடு. மென்பொருள் சுழியாண்டைக் கொள்வதால் கி.மு. 17ஐ −16 என்றே உள்ளிடவேண்டும். 1582 அக்டோபர் 15க்கு முந்திய நாள்கள் ஜூலியன் நாட்காட்டியில் அமைகின்றன. இவை எளிதில் கடக்கத்தக்கவை.

அடுத்தது இராசி. திரையில் வரையப்படும் விண்மீன் குழுக்கள், பன்னாட்டு வானியல் ஒன்றியம் எல்லை வகுத்த 88 குழுக்கள். அவற்றின் பரப்பு ஒன்றுபோல் இல்லை. நம் மரபின் இராசியோ கதிர்வீதியைச் சமமாகப் பகுத்த 30 பாகை. ஆகவே ஒரு கோள் எந்த உருவத்தின்மேல் நிற்கிறது என்று பார்த்து இராசியை முடிவுசெய்தல் தவறு. கதிர்வீதி நெட்டாங்கை எண்ணாக எடுத்தல் வேண்டும். அவ்வெண்ணும் இருவகையாகத் திரையில் கிடைக்கிறது: 2000ஆம் ஆண்டின் சம இரவுப் புள்ளியிலிருந்து அளந்தது ஒன்று, பார்க்கும் நாளின் புள்ளியிலிருந்து அளந்தது மற்றொன்று. அயனச் சலனத்தால் 634ஆம் ஆண்டுக்கு இவ்விரண்டின் வேறுபாடு ஏறத்தாழ 19 பாகை. முப்பது பாகை இராசியில் இது சிறிய அளவன்று.

634 சூன் 17 வானம்

பாடலின்படி, உரைவழி நின்று கொண்டால், வெள்ளி இடபத்திலும் செவ்வாய் மேடத்திலும் புதன் மிதுனத்திலும் வியாழன் மீனத்திலும் சனி மகரத்திலும் நிற்கின்றன. விடியலில் கார்த்திகை உயர்ந்திருக்கிறது. மதி பாம்பால் மறைக்கப்படுகிறது.

அந்நாளுக்குரிய நெட்டாங்கிலிருந்து ஏறத்தாழ 5 பாகை அயனாம்சத்தைக் கழித்துப் பார்த்தால், செவ்வாய் 16 பாகை அளவில் மேடத்தில் அமைகிறது. வெள்ளி 39, இடபம். புதன் 64, மிதுனம். வியாழன் 338, மீனம். நான்கும் பாடலோடு ஒத்துவருகின்றன. விடியலில் கார்த்திகை கிழக்கு வானில் நன்கு ஏறி நிற்க, வெள்ளி அதன் அருகிலேயே ஒளிர்கிறது. கணினியின்றி இந்நாளைத் தேடிக் கண்டவரின் உழைப்பு வியப்புக்குரியது.

சனி மட்டும் இசையவில்லை. அது 255 பாகையில், அதாவது தனுசின் நடுவில் நிற்கிறது. மகரத்தின் தொடக்கத்தை எட்ட இன்னும் 15 பாகை உண்டு. அயனாம்சத்தைக் கழிக்காது விடினும் 260 பாகையே, அப்போதும் தனுசுதான்.

இங்கேதான் கவனமற்ற பயன்பாடு பொய்ச்சான்று தரக்கூடும். 2000ஆம் ஆண்டு அளவில் சனியின் நெட்டாங்கு 279 பாகையை ஒட்டி வருகிறது. அதனைப் படிப்பவர் 'மகரம்' என்று மகிழ்ந்து, சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் கணிப்பு முற்றும் உறுதியாயிற்று என்று எழுதிவிடலாம். ஆனால் அதே அளவில் செவ்வாய் இடபத்துக்கும் வெள்ளி மிதுனத்துக்கும் வியாழன் மேடத்துக்கும் பெயர்ந்துவிடுகின்றன. ஒரு கோளுக்கு ஓர் அளவுகோலும் பிறவற்றுக்கு வேறோர் அளவுகோலும் கொள்ளுதல் ஆய்வாகாது.

பாடலில் வில் என்னும் சொல் மகரத்துக்கு அருகில் வருவதால், சனியைத் தனுசில் வைத்துப் பொருள்கொள்ளலாம் என ஒருவர் வாதிடலாம். எனினும் வில்லின் இறுதி என்பதே சொல்லின் குறிப்பாயின், இராசியின் நடுவில் நிற்கும் கோளுக்கு அது பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து சனி மகரம் புகும் காலத்தைக் கொள்ளலாமெனின், அதற்குள் வியாழன் மேடத்துக்குச் சென்றுவிடுகிறது.

மதி மறைப்பு

அந்நாளின் முழுமதி மதுரையில் விடியலை ஒட்டி நேர்கிறது. மதி கணுவிலிருந்து 11 பாகைக்கு மேல் விலகியிருப்பதால், மறைப்பு நேரினும் விளிம்பளவைத் தாண்டாது. புவியின் சுழற்சி மெல்லக் குறைந்துவருவதற்கான திருத்தம் 634க்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். அத்திருத்தத்தை மென்பொருளில் நீக்கிவிட்டால் மதி மறைந்து ஞாயிறு எழுந்தபின்னரே முழுமதி வாய்க்கிறது. எத்திருத்தச் சமன்பாடு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிடாவிடில், அவர் கண்ட மறைப்பைப் பிறர் மீண்டும் காண இயலாது. அகத்திய மீனும் அந்நாளில் ஞாயிற்றோடு ஏறத்தாழ ஒரே வேளையில் உச்சியடைவதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனைப் பற்றிய பாடற்பகுதியை நேரிற் கண்ட காட்சியாகக் கொள்வதற்கு இது தடையாகும்.

வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் ஏறத்தாழ 59 ஆண்டுகளில் நிறைவதால், மீனத்து வியாழனும் மகரத்துச் சனியும் ஒருங்கே அமையும் ஆண்டுகளை முதலில் அவ்விடைவெளியில் தேடி, பின்னர்ச் செவ்வாயையும் மதி மறைப்பையும் கொண்டு வடிகட்டலாம். முதுகலை மாணவர் ஒருவர் சில நாள்களில் முடிக்கத்தக்க பணி இது. அவ்வாறு கிடைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நெட்டாங்கின் வகை, அயனாம்ச அளவு, சுழற்சித் திருத்தம் ஆகிய மூன்றும் பதிவுசெய்யப்படல் வேண்டும்.