காடு பத்தின வளவுக்கு எந்தப் பிளேட்?

வசந்தம் தொடங்கினதும் அஜக்ஸில் புதிதாக வந்த எங்கட ஆட்களுக்குக் கிடைக்கிற வேலைகளில் ஒன்று புல்லு வெட்டுறது. ஒன்றில் தோட்டப் பராமரிப்புக் கொம்பனி வேலையாக இருக்கும். இல்லாவிட்டால் பேஸ்மென்ற் வீட்டுக்காரர், "தம்பி, பின்வளவை ஒருக்கா வெட்டிவிடும்" என்பார். ஊரில் உழவாரத்தால் புல்லுச் செருக்கின கைக்கு இந்த மெசின் புதிது. அதன் பிளேட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 தரம் சுற்றும்.

வீட்டுக்காரர் கதையை முதலில் முடிப்பம். ஒன்ராறியோவில் வாடகை வீட்டைப் பராமரிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், பனி அள்ளுற வழக்கொன்றில், இந்தப் பொறுப்பை வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வாடகையாளர் தலையில் போட ஏலாது என்றது. வெட்டித் தருவதென்றால் அது வேறான உடன்பாடு, கூலியையும் பேசிக்கொள்ளுங்கோ.

இனிப் பிளேட். வெட்டும் விளிம்புக்குப் பின்னால் செட்டை மாதிரி மேலே வளைந்திருக்கும் பகுதியைப் பாருங்கள். அதுதான் காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்துவது. செட்டை உயர்ந்ததை ஹை லிஃப்ட் என்பார்கள். சாய்ந்து கிடக்கும் நீளப் புல்லைத் தூக்கி வெட்டி வெளியே எறிய அதுதான் நல்லது. ஆனால் மணல் நிலத்தில் மணலையும் சேர்த்து இழுப்பதால் கெதியில் தேய்ந்துபோகும். அங்கே செட்டை பதிந்த லோ லிஃப்ட் போதும். மல்ச்சிங் பிளேட் வெட்டின புல்லையே திரும்பத் திரும்ப நறுக்கும். கிழமைக்கொருக்கா வெட்டுற முற்றத்துக்கு அருமையான சாமான். முழங்கால் உயர ஈரப் புல்லிலோ அடைச்சு எஞ்சின் நின்றுவிடும்.

உண்மையில், முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த இடத்தில் மெசினை முதலில் இறக்கவே கூடாது. நைலோன் நூல் ட்ரிம்மரால் உயரத்தைக் குறையுங்கள். தடித்த தண்டுகளுக்குப் பிரஷ் கட்டரும் இரும்புப் பிளேட்டும் வேணும். அந்தப் பிளேட்டைச் சாதாரண ட்ரிம்மரில் பூட்ட வேண்டாம். பிறகு நடந்து பார்த்துக் கல்லு, கம்பி, அடிக்கட்டை எல்லாவற்றையும் அகற்றுங்கோ. மெசினை ஆக உயர்ந்த அளவில் வைத்து, பாதி அகலம் பாதி அகலமாக வெட்டுங்கள். சில நாள் கழித்துப் பதித்து வெட்டலாம்.

பிளேட் மாத்தும்போது ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கோ. பற்றரி மெசினென்றால் பற்றரியை வெளியே எடுங்கோ. பழைய பிளேட்டையே கடைக்குக் கொண்டுபோவது புத்தி. நீளம் மட்டுமில்லை, நடு ஓட்டையின் வடிவமும் பொருந்த வேணும்: வட்டம், நட்சத்திரம் என்று பலது உண்டு. பூட்டும்போது செட்டை மேற்பக்கம், மெசினைப் பார்த்தபடி இருக்க வேணும். தீட்டின பிளேட்டை நடு ஓட்டையால் ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேணும். வளைந்ததை அல்லது வெடித்ததைச் சுத்தியலால் நிமிர்த்திப் பாவிக்கிற சிக்கனம் வேண்டாம், எறிந்துவிடுங்கோ.

இன்னொன்று. தென் ஒன்ராறியோவில் வீதியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் மஞ்சள் பூக்குடையோடு நிற்கும் காட்டுப் பார்ஸ்னிப்பின் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால், நெருப்புச் சுட்டது போலக் கொப்பளிக்கும். ட்ரிம்மர் அதைத் தெறிக்கவிடும். நீளக் கை, நீளக் கால் உடுப்பும் கண்ணாடியும் கட்டாயம். வீட்டுக்கு வந்ததும் உண்ணி கடித்திருக்கோ என்றும் உடம்பைப் பாருங்கள். லைம் நோய் அதனால்தான் வருகிறது.

கொம்பனி வேலையில், காப்புத் தகடு கழன்ற மெசினையோ வெடித்த பிளேட்டையோ தந்து "சும்மா வெட்டு" என்றால், மறுக்கிற உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. முதலில் மேற்பார்வையாளரிடம் காரணத்தைச் சொல்ல வேணும். அதற்காக வேலையால் நிற்பாட்டுவதும் சட்டவிரோதம். "கேஸ் பழுதாகிவிடுமோ" என்று பலர் வாய் திறக்கிறதில்லை. உங்கட அகதிக் கோரிக்கையை விசாரிப்பது குடிவரவு அகதிகள் சபை. இது மாகாணத் தொழில் அமைச்சின் விஷயம். அமைச்சின் பாதுகாப்பு இலக்கம் 1-877-202-0008. ஆங்கிலம் தடையென்றால் அலுவலகத்துக்கு வாங்கோ, சேர்ந்து எடுப்பம்.