சரளைக்கு அடியில் நீர்

நுழையும்முன்

குற்றாலத்தில் அருவி ஆர்ப்பரிக்கும் நாள்களிலும், அதற்குக் கிழக்கேயுள்ள ஊர்களில் உழவர் கிணற்றை எட்டிப் பார்த்த பிறகே பயிரிடத் துணிகின்றனர். அந்நிலத்தில் சரளைக்குழி வெட்ட எண்ணுவோர், முதலில் மண்ணையும் நீரையும் ஆராயும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஓரடுக்கு, இரு பயன்

தென்காசி, 2019ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு கிழக்கு நோக்கி ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் தென்மேற்குப் பருவக்காற்று, ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரலாகப் பொழியும். ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் செல்லச் செல்ல அது வெறுங்காற்றாகிவிடும். அவ்வூர்களுக்குப் பெரிதும் ஐப்பசி, கார்த்திகை மழைதான்.

இம்மாவட்டத்தின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். மேலே மண், அதன்கீழ், நெடுங்காலமாக வெயிலாலும் மழையாலும் நைந்து உதிர்ந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புகளையுடைய கெட்டிப்பாறை. இடையிலுள்ள நைந்த அடுக்கையே சாலைக்கும் கட்டட அடித்தளத்திற்கும் தோண்டுகின்றனர். ‘கிராவல்’ என்னும் ஆங்கிலச் சொல் ஊர்வழக்கில் நிலைத்துவிட்டது. சரளை என்பது நம் சொல். சிறுகல்லைக் குறிக்கும் பரல் என்னும் பழஞ்சொல்லோ சிலம்பின் உள்ளிடு மணிக்கும் பெயராயிற்று. கண்ணகியின் வழக்கு அப்பரலால் தீர்ந்ததை நீங்கள் அறிவீர்கள்.

கெட்டிப்பாறை நீரை உறிஞ்சாது. மழைநீர் தங்குவது நைந்த அடுக்கின் இடுக்குகளிலும் பாறையின் வெடிப்புகளிலும்தான். ஆகவே, சரளைக்கென விலைபேசப்படும் அடுக்கும் திறந்த கிணறுகளுக்கு நீரூட்டும் அடுக்கும் பெரும்பாலும் ஒன்றே. அதனை அள்ளிவிட்டால் நீர் தங்கும் இடம் குறையும். நீர்மட்டத்திற்குக் கீழே தோண்டினால் அக்கம்பக்கத்து நீர் குழியை நோக்கி ஊறிவந்து வெயிலில் ஆவியாகும்.

ஆய்வு நடைபெறும் முறை

முதலில் குழி அமையவிருக்கும் இடத்தில் சோதனைப் பள்ளங்கள் வெட்டுவர். ஆழமான இடங்களில் துளையிடுவர். எத்தனை மீட்டரில் மண்ணின் நிறமும் பருமையும் மாறின, எங்கே ஈரம் தென்பட்டது, எங்கே கெட்டிப்பாறை தட்டியது என ஒவ்வொன்றையும் குறிப்பர். துளையிடாத இடங்களுக்கு மின்தடை அளவீடு உதவும். தரையில் நான்கு கம்பிகளை ஊன்றி, இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, மற்ற இரண்டுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பர். ஈரமுள்ள நைந்த அடுக்கு குறைந்த தடையும் கெட்டிப்பாறை மிகுந்த தடையும் காட்டும்.

அடுத்துச் சுற்றுவட்டக் கிணறுகள். முந்தைய நாள் முதலே மோட்டார் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் அளவு பொய்க்கும். கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழிக்கவும் மறத்தல் கூடாது. தரை கடல்மட்டத்திற்கு மேல் 150 மீட்டர், கிணற்றில் நீர் 9 மீட்டர் ஆழத்தில் எனக் கொண்டால், நீர்மட்டம் 141 மீட்டர். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளில் இவ்வாறு கணக்கிட்டால் நிலத்தடி நீர் பாயும் திசை புலப்படும். குழியால் முதலில் பாதிக்கப்படும் கிணறு எது என்பதையும் அதைக்கொண்டே கருதலாம்.

ஒருநாள் அளவு போதாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் சனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் ஆகிய நான்கு மாதங்களில் நீர்மட்டத்தை அளக்கிறது. கோடையில் மட்டும் பார்த்தவர், ‘ஆறு மீட்டர் வரை ஈரமே இல்லை’ என எழுதிவிடக்கூடும். கார்த்திகை மழைக்குப்பின் அதே இடத்தில் மூன்று மீட்டரிலேயே நீர் நிற்கலாம். கோடை அளவு பொய்யன்று. ஆயினும், குழியின் ஆழத்தை அதனைக்கொண்டு முடிவுசெய்வது தவறு.

தெரிந்து தெளிவோம்

ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என, 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் எதிர் அரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

கருவிகள் காட்டாத ஒன்றும் உண்டு. மழை மிகுந்த ஆண்டுகளில் நீர் ஏறிநின்ற உயரம் கிணற்றின் உட்சுவரில் கறையாகப் படிந்திருக்கும். எந்த ஆண்டு நீர் அதுவரை ஏறியது என அக்கிணற்றுக்குரிய முதியவர் சொல்வார். அக்கறையின் மட்டத்தை அளந்து அறிக்கையில் சேர்க்க வேண்டும். குழியின் அடிமட்டம் அதற்கும் மேலேயே நிற்க வேண்டும்.