வீக்கம் வடிந்தது, வலி ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 51. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நின்றபடியே இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் நடுராத்திரியில் வலது கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி. மருத்துவமனையில் 'கவுட்' என்றார்கள். ஆனால் ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.1தான், ரிப்போர்ட்டில் நார்மல் என்றே இருந்தது. பத்து நாளில் வீக்கம் வடிந்தது. பிறகு அலோபியூரினால் 300 மி.கி. தினமும் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் இடது முழங்கால் வீங்கிவிட்டது. மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே நிறுத்திவிட்டேன். இப்போது எங்கும் வீக்கம் இல்லை. ஆனால் கட்டைவிரல் மூட்டில் வலி விடவில்லை. காலையில் விறைப்பாக இருக்கிறது. போதாததற்குக் கணுக்காலும் இடுப்பும் வலிக்கின்றன. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டால் அன்றைக்கு மட்டும் தேவலை. கறி, மீன், பருப்பு, கீரை, தக்காளி எல்லாவற்றையும் விட்டாயிற்று. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த வலி எப்போது போகும்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் நிறுத்திவிட்ட மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மி.கி. அளவைத் தாண்டினால், அது முழுதாகக் கரைந்திருக்க முடியாமல் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியத் தொடங்கும். உப்புத் தண்ணீர் பிடிக்கும் வாளியின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அப்படித்தான், வருடக்கணக்கில், சத்தமில்லாமல். ஒரு ராத்திரி உடலின் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் படிகங்கள் மேல் பாயும்போதுதான் கட்டைவிரல் பழமாகப் பழுத்துப் போகிறது. பத்து நாளில் அந்தப் பாய்ச்சல் அடங்கிவிட்டது. படிகங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அவற்றைக் கரைப்பதுதான் அலோபியூரினாலின் வேலை. ரத்தத்தில் யூரிக் அமிலம் குறையக் குறைய, மூட்டில் படிந்தது மெல்ல இளகி வெளியேறும். அப்படி இளகும் நேரத்தில் புதிதாக ஒரு மூட்டு வீங்குவது மிகச் சாதாரணமாக நடப்பது. உங்கள் முழங்காலுக்கு நடந்ததும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. அது வேலை செய்யத் தொடங்கியிருந்தது. தவறு தொடங்கிய விதத்தில். 100 மி.கி.யிலோ, சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதற்கும் குறைவாகவோ ஆரம்பித்து, சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டிய மருந்து இது. கூடவே முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குக் கோல்ச்சிசின் போன்ற ஒரு மருந்தைக் குறைந்த அளவில், 0.5 மி.கி. ஒரு வேளையோ இரு வேளையோ, காவலுக்குக் கொடுப்பது வழக்கம். இதை உங்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சொல்லியிருந்தால் முழங்கால் வீங்கியபோது நீங்கள் பயந்திருக்க மாட்டீர்கள்.

நிறுத்தியே ஆக வேண்டிய சூழலும் உண்டு. அலோபியூரினால் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். அது அபூர்வம், ஆனால் ஆபத்தானது. மூட்டு வீங்குவது அந்த வகை இல்லை.

'நார்மல்' என்று வந்த 6.1 பற்றி. கவுட் தாக்கியிருக்கும் நாட்களில் ரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்கிக் காட்டுவது உண்டு. தாக்குதல் முழுதாக அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். இன்னொன்று, லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் நார்மல் அளவு எல்லோருக்கும் பொதுவானது. ஒருமுறை கவுட் வந்தவருக்கு இலக்கு 6க்குக் கீழே. தோலுக்கடியில் கட்டி கட்டியாகப் படிவு தெரிந்தால் 5க்குக் கீழே.

இனி, இப்போது இருக்கும் வலி. தாக்குதல் அடங்கப் பொதுவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். வீக்கம் போன பின்பும் மூட்டுச் சவ்வில் லேசான அழற்சி நீடிக்கலாம். காலையில் விறைப்பு, கொஞ்சம் நடந்ததும் தேவலை என்றால் அதன் அடையாளமாக இருக்கலாம். இது ஒரு பாதி.

மறுபாதியைக் கண்டுபிடிக்க, நீங்கள் தினமும் போடும் வலது கால் செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கத்து ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், கட்டைவிரலில் பாரம் விழாமல் பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்து நடக்கிறீர்கள் என்று அர்த்தம். வலி இருந்தபோது உடம்பு தானாகப் பழகிக்கொண்ட நடை அது. வலி குறைந்த பின்னும் மாறவில்லை. கணுக்காலும் இடுப்பும் வலிப்பதற்கு அனேகமாக இதுவே காரணம். அசைக்காமலே வைத்திருந்த கட்டைவிரல் மூட்டும் இறுகிப் போயிருக்கும். வீக்கமோ சூடோ இல்லாத நாட்களில், வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைச் சற்று வைத்திருந்து, கையால் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் பத்துப் பத்து முறை மடக்கி நீட்டுங்கள். இழுக்கிற உணர்வு வரலாம். சுளீரென்று வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு வீட்டுக்குள்ளேயே கட்டைவிரலை ஊன்றி மெதுவாக நடந்து பழகுங்கள். மறுபடி வீங்கிச் சூடானால் வெந்நீர் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை கால் மணி நேரம் வைப்பதுதான் இதம்.

மெல்லிய ரப்பர் செருப்பு இப்போதைக்கு உதவாது. விரல்கள் நெருக்கப்படாத அகலமான முன்பக்கமும், எளிதில் வளையாத அடியும் உள்ள காலணி வாங்குங்கள். கட்டைவிரலை மேலே தூக்கும்போது ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றால், மூட்டுத் தேய்மானம் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கவுட் விரும்பி உட்காரும் அதே மூட்டில்தான் தேய்மானமும் அடிக்கடி வருகிறது.

நாள் முழுக்க நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை. முதலாளியிடம் தயங்காமல் கேளுங்கள். கழிவறைக்குப் போக முடியாது என்று பகலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் கடை ஊழியர்கள் நிறையப் பேர். நீங்களும் அப்படியானால் அதை மாற்றுங்கள். உடலில் நீர் வற்றினால் யூரிக் அமிலம் ஏறும்.

சாப்பாட்டில் உங்களை நீங்களே தேவைக்கு மேல் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள். பருப்பு, கீரை, தக்காளி மூன்றையும் இன்றைக்கே சேர்த்துக்கொள்ளலாம். பருப்பிலும் கீரையிலும் உள்ள பியூரின், இறைச்சியில் உள்ளதைப்போல கவுட்டைத் தூண்டுவதாகத் தெரியவில்லை. தயிரும் மோரும் நல்லது. ஈரல், குடல், எலும்பு சூப், மத்தி, நெத்திலி, பாட்டில் குளிர்பானங்கள் வேண்டாம். பீர் உள்ளிட்ட மது எதுவும் வேண்டாம். மற்றக் கறி, மீனை எப்போதாவது அளவாகச் சாப்பிடலாம். எடையைக் குறைக்க வேண்டுமென்று பட்டினி கிடக்காதீர்கள். அதுவே தாக்குதலைக் கிளப்பும். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கடுமையான பத்தியம்கூட யூரிக் அமிலத்தைச் சுமார் 1 மி.கி. அளவுக்குத்தான் குறைக்கும். படிந்ததைக் கரைக்கப் பத்தியம் மட்டும் போதாது.

மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையை நிறுத்துங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் டைக்ளோஃபினாக் போன்றவற்றை மாதக்கணக்கில் போட்டால் அழுத்தமும் ஏறும், சிறுநீரகமும் கெடும். யூரிக் அமிலத்தைப் பெரும்பாலும் வெளியேற்றுவது அந்தச் சிறுநீரகம்தான். பிரஷர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருந்தால், அது யூரிக் அமிலத்தை ஏற்றும் மருந்து. நீங்களாக நிறுத்த வேண்டாம். லோசார்டான் போன்ற, யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த வாரமே ஒரு மூட்டுவாத நிபுணரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். யூரிக் அமிலம், கிரியேட்டினின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட்டு, அலோபியூரினாலைக் குறைந்த அளவில், காவல் மருந்தோடு மறுபடி தொடங்குவது பற்றிக் கேளுங்கள். கோல்ச்சிசின் எழுதினால், சாப்பிடும் மற்ற மருந்துகளையும் சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு அது சேரக்கூடாது. நடையும் காலணியும் சரியானால் கணுக்கால், இடுப்பு வலி சில வாரங்களில் குறையத் தொடங்கும். கட்டைவிரலுக்குக் கூடுதல் காலம் ஆகலாம். படிகங்கள் முழுதாகக் கரைய மாதங்கள், சிலருக்கு ஓரிரு வருடங்கள்கூட ஆகும். வலி இல்லாத நாளிலும் மாத்திரை தொடர வேண்டும்.

இடையில் ஏதாவது ஒரு மூட்டு சிவந்து சூடாக வீங்கி, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், மறுபடி கவுட்தான் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். மூட்டில் கிருமித்தொற்று ஏற்பட்டாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். சில நாட்களிலேயே மூட்டை அரித்துவிடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், மூட்டிலிருந்து நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள்.